ஒன்பதாவது கேள்வி

டிசம்பர் 3, செவ்வாய்

இது கணக்குப் பாடத்துக்கு வாங்கிய நோட்டு. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. நடப்பதையெல்லாம் எழுதிவைக்க ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியதால் இதில் ஆரம்பிக்கிறேன்.

பரமசிவம் சித்தப்பா இறந்து இருபத்துநான்கு நாள் ஆகிறது. அவருக்கு முப்பத்தாறு வயது. மேம்பால ஏற்றத்தில் நின்றுபோன தன் சரக்கு ஆட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். மாரடைப்பு என்றுதான் ஊரே சொன்னது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வேறு சொன்னார். இரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, இதயத்தின் தசைச் சுவர் தடித்துப் போயிருக்கிறது, இது பரம்பரையாக வரும் நோய், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். இந்த நோயை ஆராய்ச்சி செய்கிற மதுரை டாக்டர் ஒருவரின் எண்ணையும் கொடுத்தார்.

அவர் பெயர் டாக்டர் ஷாஹிதா. மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் வரைந்து அனுப்பச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே நிரப்ப வேண்டும். இறந்திருந்தால் குறுக்கே ஒரு சாய்கோடு. நான் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிப்பதாலும் என் கையெழுத்து நன்றாக இருப்பதாலும் வேலை என்னிடம் வந்தது.

அப்பா குலதெய்வக் கோயில் வரி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பெயர்களைச் சொன்னார். நான் வரைந்தேன். பதினொரு சதுரங்கள் வந்தன. படம் பிடித்து அனுப்பினோம். சாயங்காலம் டாக்டரிடமிருந்து பதில் வந்தது: “உங்கள் குடும்பத்தில் பெண்களே பிறக்கவில்லையா?”

டிசம்பர் 5, வியாழன்

கோயில் வரி நோட்டில் கல்யாணமான ஆண்களின் பெயர் மட்டும்தான் இருக்கும். பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவர்கள் அடுத்த வீட்டுக் கணக்கு என்று அப்பா விளக்கினார். நோய்க்கு அந்தக் கணக்கு தெரியாதே என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

புதிதாக வரைந்தேன். தாத்தா, நான் பிறக்கும் முன்பே நாற்பத்தொரு வயதில் இறந்தவர். அவர் பிள்ளைகள் மூன்று பேர்: ராமலட்சுமி அத்தை, அப்பா, சித்தப்பா. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தைக்கு ஒரே மகள், நாகஜோதி. பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். ஜோதி என்னைவிட இரண்டு வயது மூத்தவள், முறைக்கு மதினி. மதினி என்று கூப்பிட்டால் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள், அதனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோவில்பட்டியில் பாதி வீட்டில் ஹாக்கி மட்டை இருக்கும். ஆனால் ஜோதியைப் போல விளையாடுகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. ஜனவரி 25-ல் மாநில அணித் தேர்வு. அவள் நிச்சயம் தேர்வாவாள் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

நூலகத்தில் படித்தது: நல்ல இதயத் தசையில் நார்கள் வரிசையாக இருக்கும். இந்த நோயில் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். தசையைச் செய்யும் புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழை. பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்று பார்க்காது. சிலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் தெரியாது. சிலருக்கு முதல் அறிகுறியே சாவு.

கடைசி வரியை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் ஜோதியோடு மைதானத்துக்குப் போனேன். நாளை அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது என்று அம்மா திட்டினாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். பனி விழுந்துகொண்டிருந்தது. அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். பெண்கள் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். ஆறாவது சுற்றில் ஜோதி முதல் ஆளாக வந்தாள். அப்புறம் கம்பத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வெயில் அதிகம். தண்ணீர் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

ஆறே முக்காலுக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம். கடலைமிட்டாய் இரண்டு தட்டு உறையில் போட்டேன். அப்பா வேலை பார்க்கும் கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து துண்டுகள் வீட்டுக்கு வரும். அம்மாவும் நானும் உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்போம்.

டிசம்பர் 9, திங்கள்

தமிழ்த் தேர்வு. எளிது.

டிசம்பர் 14, சனி

மதுரை. அப்பா, அத்தை, ஜோதி, நான். வழியெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் பஸ் மூன்று மணி நேரம் எடுத்தது. ஜோதி என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

டாக்டர் ஷாஹிதா குள்ளமானவர், வேகமாகப் பேசுகிறார். என் வரைபடத்தை மேசையில் விரித்து, “இதை வரைஞ்சது யாரு?” என்றார். நான் என்றதும் குடும்பத்துக்கான கேள்விப் படிவத்தையும் என்னிடமே தந்துவிட்டார். பதினான்கு கேள்விகள். வரிசையில் காத்திருந்தபோது ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

பத்தாவது கேள்வி: நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள் யார், எத்தனை வயது? அப்பாவும் அத்தையும் சேர்ந்து யோசித்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் என்றார் அப்பா. அத்தை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது கேள்வி: ஓடும்போதோ விளையாடும்போதோ யாருக்காவது மயக்கம் வந்ததுண்டா? ஜோதி என்னைப் பார்த்தாள். நான் ‘இல்லை’ என்று எழுதினேன். பேனா சரியாக எழுதவில்லை. இரண்டு தடவை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.

நெஞ்சில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் திரையில் மீன் வாய் மாதிரி திறந்து மூடியது. சுவர் பதினொரு மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி என்றார்கள். அப்பாவுக்கு ஒன்பது. எனக்கு எட்டு. அத்தைக்குப் பதினாறு. அத்தைக்கு நோய் இருக்கிறது. ஐம்பத்தொரு வயது வரை ஒரு நாள்கூட மூச்சு வாங்கியதில்லை என்று அத்தை சொன்னாள், ஏதோ அவள் மேல் திருட்டுப் பழி வந்தது மாதிரி.

ஜோதிக்குப் பன்னிரண்டு.

டாக்டர் அதைப் பற்றித்தான் நிறைய நேரம் பேசினார். தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதயச் சுவர் கொஞ்சம் தடிப்பது இயல்பு. இந்த நோயின் ஆரம்பமும் அதே பன்னிரண்டாக இருக்கலாம். வெறும் அளவை வைத்துச் சொல்ல முடியாது. எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், இரத்தத்தில் மரபணு பார்க்க வேண்டும். என் படிவத்தை எடுத்து விரலால் கீழே வரை ஓட்டினார். மயக்கம் இல்லை, சின்ன வயதுச் சாவு ஒன்றுதான், அப்படியென்றால் பிப்ரவரி மூன்றாம் தேதி வரிசைப்படி எம்ஆர்ஐ எடுத்தால் போதும், அதுவரை விளையாட வேண்டாம் என்றார். ஜோதியிடமும் நேராகக் கேட்டார், மயக்கம் வந்ததா என்று. அவள் பளிச்சென்று இல்லை என்றாள்.

அப்பா கிளம்பும்போது ஜோதியிடம், எங்களுக்கு வந்திருக்க வேண்டியது உங்களுக்கு வந்திருச்சே என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

குருசாமி மாமா, அதாவது ஜோதியின் அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தார். தீப்பெட்டிக் கம்பெனி லாரி ஓட்டுகிறார். அந்தக் காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவர். நல்ல மனிதர், எப்போதும் கிண்டல்தான். இன்று கிண்டல் இல்லை.

“மாப்ள, ஒரு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்காக எம் பிள்ள மட்டையக் கீழ போடணுமா?”

ஓடுகிற பிள்ளைக்குச் சுவர் தடிக்கத்தான் செய்யும், டாக்டரே சொல்லியிருக்கிறார், பயிற்சியாளரும் அதையே சொல்கிறார் என்றார் மாமா. இங்கே ஒரு டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கியாகிவிட்டது. எம்ஆர்ஐ பிப்ரவரியில், தேர்வு ஜனவரியில், அவசரம் என்றால் அந்த டாக்டரம்மா பிப்ரவரி வரை விடுவாரா என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவர் ஏன் பிப்ரவரி வரை விட்டார் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 20, வெள்ளி

உயிரியல் தேர்வு. மரபியலில் ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. எங்கள் குடும்பத்தை உதாரணமாக எழுதலாமா என்று யோசித்து, பட்டாணிச் செடியையே எழுதினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

ஜோதி தினமும் பயிற்சிக்குப் போகிறாள். நானும் தினமும் போகிறேன். புத்தகம் படிப்பது போல உட்கார்ந்து அவள் எத்தனை சுற்று ஓடுகிறாள் என்று எண்ணுகிறேன். அவள் கவனித்துவிட்டாள்.

“என்னட்டி, போலீஸ் மாதிரி காவல் இருக்க?”

“சும்மாதான்.”

“நீ வாக்குக் குடுத்திருக்க. ஞாபகம் இருக்கட்டும். தேர்வு முடியட்டும், அப்புறம் நானே உன் டாக்டரம்மாட்டப் போய்ப் படுத்துக்கிடுதேன். கத்தி வெச்சு அறுத்தாலும் சரி.”

அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்து போகிறவள். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு விடுதி, படிப்பு, பிறகு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை. அவளுக்கு வேறு எதிலும் ஆசை கிடையாது. என்னைப் போல நாலு பாடத்தில் நூறு வாங்குகிறவளும் கிடையாது.

ஜனவரி 4, சனி

இந்த நோட்டின் அட்டையில் குறித்து வைத்திருந்த ஒரு கேள்வியை டாக்டருக்கு அனுப்பினேன்: சாவின் அபாயம் யாருக்கு அதிகம் என்று எப்படித் தெரியும்? நான் ஒழுங்காகக் கேட்டதாகப் பாராட்டி அவரே குரல் பதிவாகப் பதில் பேசி அனுப்பினார். சுவரின் தடிப்பு ஒன்று. தசையில் வடு ஒன்று. ஆனால் முக்கியமாக இரண்டு: ஓடும்போது வரும் காரணமில்லாத மயக்கம், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர்ச் சாவு. “இந்த ரெண்டுக்கும் எந்த மெஷினும் கிடையாதும்மா. வீட்டுக்காரங்க சொன்னாத்தான் உண்டு.”

மூன்று தடவை கேட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்காக வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்தோம். பரணில் இருந்து கன்னிப் பெட்டியை இறக்கினேன்.

இதைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் எங்கள் வீட்டுக் கன்னி இருக்கிறாள். தை மாதக் கடைசி வெள்ளியில் அவளுக்கு ஒரு பாவாடை சட்டையும் வளையலும் எடுத்துவைத்துக் கும்பிடுவோம். கும்பிட்ட பிறகு அந்தத் துணியை வீட்டில் கல்யாணம் ஆகாத பெண் உடுத்த வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான்தான் உடுத்துகிறேன். ஜோதியையும் அத்தை கூப்பிடுவாள். “உங்க சாமிக்கு டிராக் சூட் எடுத்து வைக்கச் சொல்லு, வந்து போடுதேன்” என்பாள் அவள். சாமிக்குப் பெயர் கிடையாது. கன்னி என்றுதான் சொல்வோம். பெட்டியை அம்மா மட்டும்தான் திறப்பாள்.

இன்று தூசி தட்டும்போது கொண்டி கழன்று மூடி திறந்துகொண்டது. மேலே போன வருஷ வளையல். அதற்குக் கீழே ஒரு பழைய வெள்ளைத் துணித் துண்டு, நான்கு மூலையிலும் துருப்பிடித்த ஊக்கு. துணியில் சிவப்பு மையில் 27 என்று எழுதியிருந்தது.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டு விழாவன்று இதை நெஞ்சில் குத்துவார்கள். சாமிக்கு எதற்கு ஓட்டப்பந்தய எண்?

ஜனவரி 13, திங்கள்

அப்பாவிடம் கேட்டேன். பாகு கிண்டிவிட்டுக் கை முழுக்கச் சூட்டுத் தழும்போடு வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் பெட்டியை ஏன் திறந்தாய் என்றார். நான் எண்ணைச் சொன்னேன்.

“அது அக்காவோடது” என்றார்.

ராமலட்சுமி அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு அக்கா இருந்திருக்கிறாள். பெயர் ஆவுடைத்தாய். பதினாலு வயதில் இறந்திருக்கிறாள். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடப் பொட்டலில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். மறுவருஷம் தாத்தா போனார். மகள் ஏக்கம் என்றார்களாம். அதற்குமேல் அப்பாவுக்குத் தெரியாது.

பத்தாவது கேள்விக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அப்பா உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். “செத்தவுக பேரத்தான கேட்டாக? அவுக சாமில்லா. சாமியப் போய்ச் செத்தவுக பட்டியல்ல எழுதுவாகளா?”

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. ஜோதி வீட்டில் மதியம் சாப்பாடு. மாமா பாயசத்தை எனக்கு மட்டும் இரண்டு தடவை ஊற்றி, படிக்கிற பிள்ளைக்கு மூளை கரைந்துபோகும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேர்வுக்குப் பதினோரு நாள்.

ஜனவரி 17, வெள்ளி

மாமா லாரியோடு தூத்துக்குடி போயிருந்தார். ஜோதி மைதானத்தில். பத்து மணிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நான் துணித் துண்டை அவள் முன்னால் விரித்தேன்.

அத்தை தொடவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னதை, சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

விளையாட்டு விழா. இருநூறு மீட்டர். ஆவுடை இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது முகம் குப்புற விழுந்தாள். கல் தடுக்கியது என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

“அதுக்கு முன்னால விழுந்திருக்காங்களா அத்தை?”

அத்தை உளுந்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு மட்டம். ஒரு மட்டம் பள்ளிக்கூடம் போற வழியில, பஸ்ஸப் பிடிக்க ஓடயில. ஒரு மட்டம் தண்ணிக் குடத்தோட. ரெண்டு மட்டமும் நாந்தான் பக்கத்துல இருந்தேன். வீட்ல சொல்லிராதக்கா, படிப்ப நிப்பாட்டிப் போடுவாகன்னு கையப் பிடிச்சிக்கிட்டா. நானும் சொல்லல.” உளுந்துச் சட்டியை நகர்த்திவிட்டு, “குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேம்லா. அதான் வருஷந்தவறாம பாவாட எடுத்து வைக்கேன்” என்றாள்.

இந்த நோட்டில் டிசம்பர் 8-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அத்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 8-ல் நான் எழுதியது பொய். ஆறே முக்காலுக்குள் என்ன வெயில்? ஆறாவது சுற்று முடிந்ததும் ஜோதி கம்பத்துக்குப் பின்னால் வந்தாள், என் பெயரைப் பாதி சொன்னாள், கீழே விழுந்தாள். கண் திறந்திருந்தது. நான் எண்ணினேன். பதினெட்டு வரை எண்ணியபோது மூச்சு விட்டாள். என் ஸ்வெட்டரில் அவள் முகத்து மண்ணைத் துடைத்தேன். யாரிடமும் சொல்லாதே, என்னை நிறுத்திவிடுவார்கள் என்று என் கையைப் பிடித்தாள். நான் சரி என்றேன்.

ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியது நான்.

அத்தை என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மைதான வாசலில் நின்று அத்தை மூச்சு வாங்கினாள். முதல் தடவையாக அவளுக்கு மூச்சு வாங்கிப் பார்க்கிறேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜோதி பந்தோடு இடது ஓரமாகப் பறந்து வந்தாள்.

அத்தை ஆட்டத்துக்கு நடுவே போய் அவள் மட்டையைப் பிடித்தாள்.

“ஏம்மா, எல்லாரும் பாக்காக. விடு.”

“பாக்கட்டும்.”

ஜோதி என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். ஒன்பதாவது கேள்விக்கு ஆம், பத்தாவது கேள்விக்கு இன்னொரு பெயர் என்றேன். பதினாலு வயது, ஓடும்போது, என்றேன். டாக்டர் வயதை மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, “நாளைக்கே கூட்டிட்டு வாங்க. அவ நடந்து வரட்டும், ஓட வேண்டாம்” என்றார். பொய் எழுதியதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 18, சனி

மதுரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஜோதி வேண்டாம் என்றாளாம்.

ஜனவரி 19, ஞாயிறு

எம்ஆர்ஐயில் தசைச் சுவருக்குள் வடு தெரிகிறது. பயிற்சியால் தடித்த இதயத்தில் இவ்வளவு வடு இருக்காது. அத்தைக்கு இருக்கிற நோய்தான்.

மாமா வந்து சொன்னார். மாத்திரை தொடங்கியாகிவிட்டது. போட்டி ஆட்டம் இனி கிடையாது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நெஞ்சுப் பக்கம் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள். இதயம் தாளம் தப்பினால் அதுவே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பிவிடும். சொல்லிவிட்டு மாமா என் மேசையில் இருந்த படிவ நகலை எடுத்து ஒன்பதாவது கேள்வியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏழு வாரம்” என்றார். “ஏழு வாரமா வெச்சிருந்தியே தாயி.”

டிசம்பர் எட்டிலிருந்து எண்ணினால் ஆறு வாரம்தான். ஆனால் அவரைத் திருத்தவில்லை.

ஜனவரி 22, புதன்

ஜோதி வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

“உனக்கென்ன, உனக்கு எட்டு. தப்பிச்சுட்ட. போய்ப் படி.”

அப்பாவுக்கு இல்லாததால் எனக்கும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரத்த முடிவு வந்தால் உறுதியாகிவிடும். நான் ஏன் சந்தோஷப்பட முடியவில்லை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜனவரி 25, சனி

இன்று மாநில அணித் தேர்வு. காலை ஏழு மணிக்கு ஜோதி வீட்டைத் தாண்டிப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து பூட்ஸில் இருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கடலைமிட்டாய் ஆறு தட்டு. கணக்கில் தொண்ணூற்றெட்டு.

பிப்ரவரி 7, வெள்ளி

தைக் கடைசி வெள்ளி. சாயங்காலம் கன்னிக்குப் பூஜை.

அத்தை வீட்டிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ஜோதியும் வந்தாள், ஆனால் என் பக்கம் உட்காரவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து வைத்தாள். தாம்பாளத்தில் பச்சைப் பாவாடையும் சட்டையும், வளையல், பூ, வெற்றிலை. அப்பா சூடம் ஏற்றப் போனபோது அத்தை தடுத்தாள்.

“நோட்ட எடுத்துட்டு வா, செண்பகம். அவளையும் வரை.”

நோட்டில் இருந்த வரைபடத்தில், அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு வட்டம் வரைந்தேன். ஆவுடைத்தாய், 14 என்று எழுதினேன். உள்ளே நிரப்பினேன். சாய்கோடு போடும்போது அப்பா கையை நீட்டினார். சாமிக்குக் கோடு போடலாமா என்றார்.

“போடு” என்றாள் அத்தை. “செத்துப்போனவதான். முப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தர் வாயிலயும் அது வரல. அவ ஓடிச் செத்தா. எழுது.”

போட்டேன். அத்தை முதல்முறையாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டாள். ஆவுடை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது ஜோதி எழுந்து தன் பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தாள். மாவட்ட அணிச் சட்டை, முதுகில் ஒன்பது. அதைத் தாம்பாளத்தில் பாவாடைக்கு மேல் வைத்தாள். மடிக்கக்கூட இல்லை.

“எனக்கு இனி எதுக்கு? அவளே வெச்சுக்கிடட்டும். அவதான ஓடுனவ.”

அப்பா சூடத்தைக் காட்டினார். திருநீறு பூசிக்கொண்டோம். வழக்கம்போல அம்மா பாவாடையை எடுத்து என்னிடம் தந்தாள். அத்தை நீலச் சட்டையை எடுத்து ஜோதியின் தோளில் போட்டாள்.

“இத ஏன் எனக்குத் தாற?”

“சாமிக்கு வெச்சத வீட்டுப் பொண்ணு உடுத்தணும். பெட்டியில வெச்சுப் பூட்டுறது முறை இல்ல.”

“நான் ஆட முடியாதும்மா.”

“ஆட வேண்டாம். உடுத்து.”

ஜோதி தோளில் கிடந்த சட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில், இடம் இருந்தும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைப் பாவாடையில் என்னைப் பார்த்து, பொம்மலாட்டப் பொம்மை மாதிரி இருக்கிறாய் என்றாள். இருபது நாளில் அவள் என்னிடம் வலிய வந்து சொன்ன முதல் வார்த்தை அது.

மடியிலிருந்த நோட்டை இழுத்து வரைபடத்தைப் பார்த்தாள். அத்தையின் வட்டம் நிரம்பியிருந்தது. அதன் கீழே அவள் வட்டத்தை நான் இன்னும் வெள்ளையாகவே விட்டிருந்தேன். கிட்டத்தட்ட மூன்று வாரமாகத் தினமும் பேனாவை எடுப்பேன், மூடிவிடுவேன்.

“இது என்ன, ஸ்கேன்ல அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சும் இன்னும் பொய்யா எழுதிட்டுருக்க?”

“நீ சொல்லணும்னு இருந்தேன் மதினி.”

மதினி என்று வாயில் வந்துவிட்டது. அவள் அடிக்கவில்லை. என் பேனாவின் மூடியைத் திறந்து என் கையில் வைத்தாள்.

“நிரப்பு. கோடு மட்டும் போட்டுறாத.”

வட்டத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, வெள்ளை தெரியாமல், கவனமாக நிரப்பினேன். அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவி வைக்கும் புதன்கிழமை, மதுரைக்கு முதல் பஸ் நாலே முக்காலுக்கு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள்.